முப்பத்தேழு டிகிரி

ஆட்டுப்பாறை லயம்,
உடும்பஞ்சோலை.
22.9.2025

பிரியா,

நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன். என் நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்க. பக்கத்து வீட்டு அக்கா போன்ல கூப்பிட்டா, என் குரல் கேட்டதும் வச்சுடுற. பாலக்காட்டு ஹாஸ்டல்ல மூணு வருசம் ஒரே தட்டுல சாப்பிட்டவளுக்குக் கடைசியில கடுதாசிதான் வழின்னு ஆயிப்போச்சு. சரி, கடுதாசியை யாரும் பிளாக் பண்ண முடியாதுல்ல.

நடந்ததை நீ மானேஜர் வாயால கேட்டிருப்ப. என் வாயாலயும் கேட்டுக்க. நாம செஞ்ச பெட்டியை இந்த எஸ்டேட் ஏலக்கா ஸ்டோர்ல மாட்டுனோம். வயரிங் என்னோடது, புரோகிராம் உன்னோடது. எத்தனை டிகிரி வேணும்னு கீயில அடிச்சா, உலர்த்துற அறையில அந்தச் சூடு நிக்கிற மாதிரி அடுப்புக் காத்தாடியை அதுவே ஓட்டும். முதல் ரவுண்டு காய்க்கு நான் கூட இருந்து அடிச்சுக் குடுத்தேன். கிளிப்பச்சை குறையாம காஞ்சு வந்துச்சு. மானேஜர் கோகுல்நாத் சார் கையில அள்ளி மோந்து பாத்துட்டுச் சிரிச்சாரே, ஞாபகம் இருக்கா? அந்த மனுசன் சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்.

அப்புறம் நான் வயரிங் லைசென்ஸ் பரீட்சைக்குத் தொடுபுழை போயிட்டேன். ரெண்டாவது ரவுண்டை ஸ்டோர்ல வேலை பாக்குற அப்பா தனியாப் பாத்தாரு. காய் காயவே இல்லை. மேலுக்குக் காஞ்ச மாதிரி இருந்து, மூட்டைக்குள்ள போனதும் பூஞ்சை பிடிச்சு மொத்தமும் வெளுத்துப்போச்சு. அப்பாவை ஸ்டோர்ல இருந்து நிறுத்திட்டாக. தீபாவளிக்குள்ள எஸ்டேட் குடுத்த இந்த லயத்தைக் காலி பண்ணணும்னு நோட்டீஸ். நான் பொறந்த வீடுடி இது.

நீ என்ன செஞ்ச? மானேஜருக்கு மெயில் அனுப்புன. "இயந்திரத்தில் கோளாறு இல்லை, ஆபரேட்டர் தவறாக அடித்திருக்கிறார்." ஆபரேட்டராம்! உனக்குக் குளிருதுன்னு தன் கம்பளியை எடுத்துப் போத்தி, கட்டஞ்சாயா போட்டுக் குடுத்த மனுசன் ஒரே மெயில்ல ஆபரேட்டர் ஆயிட்டாரு. காளிச்சாமின்னு பேரை எழுதவாச்சும் உனக்கு மனசு வரலையா? நீயெல்லாம் ஒரு மனுசியாடி?

தீபா

பின்குறிப்பு: என்ன அடிச்சீகன்னு அப்பாகிட்ட கேட்டேன். எடைச் சீட்டுல எழுதுற மாதிரியே முதல்ல 050, காய் பாதி வாடுனதும் 045-ன்னு சொன்னாரு. திரையிலயும் அப்படியேதான் தெரிஞ்சுச்சாம். இதுல என்ன தப்புன்னு நீதான் சொல்லணும்.

* * *

கொழிஞ்சாம்பாறை
28.9.2025

தீபா,

உன்ற கடுதாசி வந்துச்சு. படிச்சேன். கடைசியில நீ என்னைக் கேட்டிருக்கற கேள்விக்கு இதுதான் பதில். மனுசிதான். சோறுதான் திங்கறேன்.

ஆபரேட்டர்னு போட்டது ஒரு ஆபீஸ் வார்த்தை. அதுக்கு இத்தனை ஏச்சா? உங்கப்பாவை நான் எந்த நாளும் மரியாதை இல்லாமப் பேசுனதில்லை.

எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிப்போடறேன். பெட்டிக்குள்ள நடந்ததெல்லாம் ஒரு கார்டுல பதிவாகும். மானேஜர் அதைக் கழட்டி, அதுல இருந்ததை மெயில்ல அனுப்பினார். அந்த ரவுண்டுல வச்ச சூடு முதல்ல 40, பொறவு 37. நான் மாத்தி எழுதலை. பெட்டி தானா 40 வச்சுக்கறதுக்கு அதுக்கென்ன கை கால் இருக்குதா? யாரோ 40 அடிச்சாத்தான் அதுக்கு 40.

புரோகிராம்ல தப்பு இருக்கும்னு நீ சந்தேகப்படறது எனக்குத் தெரியும். காலேஜ்ல நமக்குச் சொல்லிக் குடுத்த atoi-ங்கற கட்டளையை நான் போடலை. அது சுத்த மோசம். கீயில அடிக்கறது எழுத்தாத்தான் வரும், அதை எண்ணா மாத்தோணும். atoi கிட்ட குப்பையைக் குடுத்தாலும் பூஜ்யம்னு சொல்லும், மெய்யாலுமே பூஜ்யம் அடிச்சாலும் பூஜ்யம்னுதான் சொல்லும். எது எதுன்னு நமக்குத் தெரியாது. அதுக்காகத்தான் மெனக்கெட்டு, அதே வேலையைச் செய்யற strtol போட்டேன். கெட்டிக்காரத்தனமான சாமான் அது. எங்கூட்டு மேசையில வச்சு அத்தனை தடவை சோதிச்சிருக்கேன், ஒருக்காக்கூடத் தப்பலை.

இன்னொன்னு. உங்கப்பாவே "நான்தான் தப்பா அமுக்கிட்டேன்"னு எழுதி, ஒப்புப் போட்டுக் குடுத்திருக்கறார். மானேஜர் எனக்கு அதையும் அனுப்பினார். அதுக்கு மேல நான் என்ன சொல்லட்டும்? இன்னும் ரெண்டு எஸ்டேட் இந்தப் பெட்டிக்குக் காத்திருக்குது. எங்கப்பா தோப்பு ஜோலியைப் போட்டுட்டு எனக்காக அங்க இங்க அலையறார். உங்கப்பா கை தப்புனதுக்கு என்ற பெட்டி கெட்டதுன்னு பேர் வரோணுமா?

லயத்தை நெனச்சா எனக்கும் வருத்தம்தான். நம்புனா நம்பு.

செல்வப்பிரியா

* * *

ஆட்டுப்பாறை லயம்
3.10.2025

பிரியா,

அப்பா எழுதிக் குடுத்ததே எனக்கு உன் கடுதாசியிலதான் தெரியும். போய்க் கேட்டேன். அருவாளை எடுத்துக்கிட்டு விறகு வெட்டப் போயிட்டாரு. வீட்டுல விறகு கூரை வரைக்கும் கிடக்கு.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். 40-ன்னு கை தப்புச்சுன்னே வச்சுக்குவோம். அந்த 37 எங்க இருந்து வந்துச்சு? இந்த மலையில எந்த ஸ்டோர்லயும் எவனும் 37 வச்சதா நான் கேட்டதில்லை. ஏலக்காய்க்கு 37 டிகிரி வைக்க எங்கப்பா என்ன, அதுக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாத்தாரா?

படிச்சவதானே நீ. இதை யோசிச்சியா இல்லையா? முதல் கடுதாசியிலயே அடியில எழுதியிருந்தேன். அதுக்கு ஒரு வரி பதில் இல்லை.

தீபா

* * *

கொழிஞ்சாம்பாறை
8.10.2025

தீபா,

இதை நாலஞ்சு தாள்ல எழுதிக் கிழிச்சுப் போட்டேன். எப்படி எழுதுனாலும் அசிங்கமாத்தான் வருது. நேரா சொல்லிப்போடறேன். உங்கப்பா ஒரு தப்பும் பண்ணலை. தப்பு என்ற புரோகிராம்ல.

"அடியில எழுதியிருந்தேன்"னு சொன்னியே, அடியில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. உன்ற முதல் கடுதாசியை "மனுசியாடி"ங்கற வரைக்கும்தான் படிச்சேன். கோவத்துல மடிச்சு அலமாரியில போட்டவதான், அதுக்குக் கீழ ஒரு பின்குறிப்பு இருந்ததே எனக்குத் தெரியாது. உன்ற ரெண்டாவது கடுதாசி வந்த பொறவுதான் அதை எடுத்துப் பிரிச்சேன். 050. 045. பாத்த ஒடனே புரோகிராமைத் திறந்து அந்த வரியைத் தேடுனேன்.

விளக்கறேன். நீ வயரிங்காரி, உனக்குப் புரியும். strtol-கிட்ட எழுத்தைக் குடுக்கறப்ப, எந்த அடிமானத்துல எண்ணோணும்னும் சொல்லோணும். நாம எண்ணறது பத்துல. நான் அங்க பத்துன்னு போடலை. பூஜ்யம்னு போட்டேன். பூஜ்யம்னா "எழுத்தைப் பாத்து நீயே முடிவு பண்ணிக்கோ"ன்னு அர்த்தம். லேப்டாப்ல இருந்து சோதிக்கறப்ப பதினாறு அடிமான எண்ணும் குடுத்துப் பாக்கலாமேன்னு ஒரு வசதிக்குப் போட்டது. சோதனை முடிஞ்சதும் மாத்தோணும்னு நெனச்சேன். மாத்தலை.

சி மொழியில ஒரு பழைய வழக்கம் இருக்குது. எண்ணுக்கு முன்னால சைபர் இருந்தா அது எட்டுல எண்ணற எண். அப்போ 050-ன்னா அஞ்சு எட்டு, நாப்பது. 045-ன்னா நாலு எட்டும் அஞ்சும். முப்பத்தேழு. உன்ற காய்ச்சல் அங்கிருந்துதான் வந்துச்சு.

திரையில 050-ன்னே தெரிஞ்சதும் என்ற வேலைதான். அடிச்ச எழுத்தை அப்படியே காட்டச் சொல்லியிருந்தேன். பெட்டி என்ன புரிஞ்சுக்கிட்டுதுன்னு காட்டச் சொல்லலை. அவர் கண்ணுக்கு 050, உள்ள 40, மேல பச்சை விளக்கு. எந்த மனுசன் சந்தேகப்படுவான்?

ரொம்பக் கேவலம் என்னன்னா, நான் மோசம்னு எழுதுனேனே அந்த atoi, அதைப் போட்டிருந்தா 050-ஐ அம்பதுன்னு சரியா எடுத்திருக்கும். கெட்டிக்காரச் சாமானை வாங்கி, அதைக் கெட்டிக்காரத்தனமாப் பொழங்கத் தெரியாதவ நான். எங்கூட்டுல அத்தனை தடவை சோதிச்சேன்னு பீத்திக்கிட்டேன்ல? அத்தனை தடவையும் அடிச்சது நான்தான். 50-ன்னு. நான் அடிக்கற மாதிரியேதான் ஊர்ல எல்லாரும் அடிப்பாங்கன்னு நெனச்சுப்போட்டேன்.

இன்னும் ஒண்ணு இருக்குது. strtol எழுத்தை எதுவரைக்கும் எண்ணா எடுத்துச்சு, எங்க நின்னுச்சுன்னு திருப்பிச் சொல்லும். நின்ன இடத்துக்கு அப்புறம் ஏதாச்சும் மிச்சம் இருந்தா, முழுசாப் புரியலைன்னு அர்த்தம். அந்த மிச்சத்தை எட்டிப் பாக்க வேண்டியது நம்ம ஜோலி. உங்கப்பா 048-ன்னு வச்சிருந்தா, எட்டுல எண்ணறப்ப 8-ங்கற இலக்கமே கிடையாது, 04-லயே நின்னு போயி நாலு டிகிரின்னு எடுத்திருக்கும். பச்சை விளக்கும் எரிஞ்சிருக்கும். ஏன்னா எங்க நின்னுச்சுன்னு நான் கேக்கவே இல்லை. அந்த எடத்துல "எனக்கு வேண்டாம்"னு எழுதி வச்சிருந்தேன்.

உன்ற கடுதாசியையும் அப்படித்தானே படிச்சேன், தீபா. எனக்குப் புடிக்காத வார்த்தை வந்த எடத்துல நின்னுட்டேன். மிச்சத்தைப் பாக்கவே இல்லை. அந்த மிச்சத்துலதான் உங்கப்பாவோட நியாயம் இருந்துச்சு.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. எதுக்கு எண்ணுக்கு முன்னால சைபர்? அப்புறம், பண்ணாத தப்பைப் பண்ணேன்னு எதுக்காக ஒப்புப் போட்டுக் குடுத்தார்?

உன்ற நம்பருக்குப் போட்ட பிளாக்கை எடுத்துவிட்டுட்டேன். ஆனா கூப்பிட பயமா இருக்குது.

பிரியா

* * *

ஆட்டுப்பாறை லயம்
12.10.2025

பிரியா,

உன் கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை உன்னைக் கொல்லலாம்னு வந்துச்சு. ரெண்டாவது தடவை அழுகை வந்துச்சு. இப்ப ரெண்டும் இருக்கு.

சைபர் எதுக்குன்னு கேட்டிருக்க. எடைச் சீட்டுல நம்பருக்கு மூணு கட்டம் இருக்கும். முன்னால ஒரு கட்டத்தைக் காலியா விட்டா, எவனாச்சும் அதுல ஒரு ஒண்ணைப் போட்டு 50 கிலோவை 150 ஆக்கிருவான். அதனால இங்க காய் பறிக்கிறவகள்ல இருந்து கங்காணி வரைக்கும் எல்லாரும் முன்னால சைபர் போட்டுத்தான் எழுதுவோம். நானே அப்படித்தான். பரீட்சைப் பேப்பர்ல கூட அப்படி எழுதி, சார் சிரிச்சிருக்காரு. உனக்குத் தெரியுமே. பெட்டியில அடிக்கறப்ப மட்டும் நான் படிச்சவ மாதிரி 50-ன்னு அடிச்சேன் பாரு, அதான் முதல் ரவுண்டு பிழைச்சுச்சு.

அப்பா கதைக்கு வாரேன். உன் கடுதாசியை அவருக்கு வாசிச்சுக் காட்டுனேன். எட்டு அடிமானம் எல்லாம் அவருக்கு ஏறலை, எனக்கே பாதிதான் ஏறுச்சு. "அப்போ உங்க மேல தப்பில்லைப்பா"ன்னேன். "அது எனக்குத் தெரியும்"னாரு.

தெரியுமாம்! எப்படித் தெரியும்னு பிடிச்சு உலுக்குன பொறவுதான் சொன்னாரு. அன்னைக்கு ஸ்டோர் கதவைத் திறந்து உள்ள போனவருக்கு, மூஞ்சியில சூடு அடிக்கலைன்னு உடனே பட்டிருக்கு. திரையைப் பாத்தா 050. விளக்கைப் பாத்தா பச்சை. "சொல்லியிருக்கலாம்ல?"னு கத்துனேன். "என்னன்னு சொல்ல? என் மக கொண்டாந்த பெட்டி சரியில்லைன்னா? மானேஜர் உன்னையும் அந்தப் புள்ளையையும் என்ன பேசுவாரு? வேலைக்குப் போற முன்னாடியே உங்க பேரு கெடணுமா?"ன்னு கேக்குறாரு. கொஞ்ச நேரம் கூடக் கிடந்தா காஞ்சுரும்னு விட்டுட்டாராம். காயலைன்னதும், பழி நம்ம மேல வந்துரக் கூடாதுன்னு தன் தலையில எழுதிக் குடுத்துட்டாரு.

எனக்கு அவர் மேல வந்த கோவம், பிரியா, உன் மேல கூட அம்புட்டு வரலை. நம்மைக் காப்பாத்துறதா நெனச்சு வீட்டையே விட்டுக் குடுத்திருக்காரு மனுசன்.

இப்ப கேளு. "அந்தப் புள்ளை பொழப்பைக் கெடுத்துறாத, இதோட விடு"ங்கிறாரு. போடிமெட்டு தாண்டி சித்தப்பா வீட்டுப் பக்கம் போயிரலாம்னு சட்டி பானை எல்லாம் சாக்குல கட்ட ஆரம்பிச்சுட்டாரு. அப்பா விடச் சொல்றாரு. நான் விடச் சொல்லலை. மானேஜர்கிட்ட நான் போய்ச் சொன்னா, மக அப்பனுக்குப் பரிஞ்சு பேசுறான்னு விரட்டுவாரு. அது உன் கையால போகணும். உனக்கு ரெண்டு எஸ்டேட் போயிரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்.

தீபா

* * *

கொழிஞ்சாம்பாறை
15.10.2025

தீபா,

மானேஜருக்கு மெயிலும் போட்டுட்டேன், ஒப்புப் போட்டு ரிஜிஸ்டர் தபாலும் அனுப்பிட்டேன். அதுல "ஆபரேட்டர்" இல்லை. "திரு. காளிச்சாமி அவர்கள் அடித்தது சரி. அதைத் தவறாகப் படித்தது என்னுடைய புரோகிராம். என்னுடைய முந்தைய மெயில் பொய்யானது, அதைத் திரும்பப் பெறுகிறேன்"னு எழுதியிருக்கேன். மானேஜரையே 050-ன்னு அடிச்சு, கார்டுல 40-ன்னு பதிவாகறதைப் பாக்கச் சொன்னேன்.

போன்ல கூப்பிட்டார். என்னென்னமோ பேசினார், அதையெல்லாம் எழுத வேண்டாம். நடுவுல வச்சிரலாமான்னு இருந்துச்சு. வைக்கலை, கடைசி வரைக்கும் கேட்டேன். கேட்டது நல்லதாப் போச்சு. திட்டி முடிச்ச பொறவுதான் "காளிச்சாமியை வேலைக்கு வரச் சொல்றேன், லயம் அவங்களுக்குத்தான்"னார். பெட்டியை ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து கழட்டிட்டுப் போகோணுமாம்.

மத்த ரெண்டு எஸ்டேட்டும் வேண்டாம்னு சொல்லிருச்சு. எங்கப்பா அதைக் கேட்டுட்டு, தோப்புக்குத் தண்ணி கட்டப் போயிட்டார். சாயங்காலம் வந்து, "நாளைக்கு எவனாச்சும் கண்டுபிடிச்சுச் சொல்றதுக்கு இன்னைக்கு நீயே சொன்னது தேவலை"ன்னு மட்டும் சொன்னார். நான் அழுதேன். சத்தமாவே அழுதேன்.

புரோகிராமைத் திருத்திட்டேன், யாருக்கும் வேண்டாம்னாலும். அடிமானம் பத்துன்னு எழுதிட்டேன். ஒரு இலக்கமாச்சும் இருந்துச்சா, எங்க நின்னுச்சு, மிச்சம் இருக்குதான்னு பாக்குது. எண் ரொம்பப் பெருசாப் போனா errno-ங்கற எடத்துல குறிப்பு வைக்கும், அதை முன்னாலயே துடைச்சுவிட்டு அப்புறம் பாக்கோணும். அதுவும் பண்ணியாச்சு. ஏலக்காய்க்கு ஆகாத சூடா இருந்தா வைக்காது, பழையதையே வச்சுக்கும். எல்லாத்துக்கும் மேல, அடிச்சதைக் காட்டாம, தான் புரிஞ்சுக்கிட்டதைக் காட்டி "வைக்கட்டுமா?"ன்னு கேக்கும். புரியலைன்னா சிவப்பு விளக்கு. மொத்தமா ஒரு பக்கம்கூட இல்லை. இதை மொதல்லயே எழுதறதுக்கு எனக்கு ஒரு மத்தியானம் ஆகியிருக்கும்.

பெட்டியைக் கழட்ட வர்றப்ப உங்கப்பா முகத்துல எப்படி முழிக்கறதுன்னு தெரியலை. ஆனா வர்றேன்.

பிரியா

* * *

ஆட்டுப்பாறை லயம்
27.10.2025

அடி பிரியா,

வந்துட்டுப் போனவளுக்குக் கடுதாசி எதுக்குன்னு கேப்ப. போன்ல சொன்னா நீ இடையில இடையில பேசுவ. அதான்.

சாக்குல கட்டுனதை எல்லாம் பிரிச்சாச்சு. தீபாவளிக்கு இந்த வீட்டுலதான் பலகாரம் சுட்டோம். நீ குடுத்த முறுக்கு எங்க முறுக்கை விட நல்லா இருந்துச்சுன்னு அப்பா சொல்றாரு, நான் ஒத்துக்கலை.

நீ அன்னைக்குக் கழட்டி, அப்பாவுக்குக் காட்டன்னு புது புரோகிராமை ஏத்தி வச்ச பெட்டியை, "இங்கயே கிடக்கட்டும், அடுத்த வாரம் எடுத்துக்கம்மா"ன்னு அப்பா சொன்னாருல்ல? அது சும்மா சொன்னதில்லை. நீ பஸ் ஏறுனதும் மானேஜர்கிட்ட போயி, "ஒரே ஒரு ரவுண்டு, நான் பக்கத்துலயே நிக்கிறேன்"னு கேட்டிருக்காரு. அவரு முடியவே முடியாதுன்னாராம். இவரு ஆபீஸ் வாசல்லயே நின்னாராம். கடைசியில, "கெட்டா உன் பொறுப்பு"ன்னாராம். மறுபடியும் அவர் பொறுப்பு! நான் தலையில அடிச்சுக்கிட்டு வயரிங்கை மாட்டிக் குடுத்தேன்.

காய் நல்லாக் காஞ்சிருக்கு. கொஞ்சம் கவர்ல போட்டு அனுப்புறேன், நீயே பாத்துக்க. மானேஜர் வந்து அள்ளிப் பாத்தாரு. சிரிக்கலை. ஆனா கையில எடுத்ததைத் திருப்பிப் போடலை, பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு.

அம்புட்டுதான். உடம்பைப் பாத்துக்க.

தீபா

பின்குறிப்பு: இதையும் படிப்பன்னு தெரிஞ்சுதான் இதை இங்க எழுதுறேன். முதல் நாள் அப்பா பழக்கத்துல 050 அடிச்சதுக்கு, "50 டிகிரி வைக்கட்டுமா?"ன்னு கேட்டுச்சு. பச்சை பட்டனை அமுக்குனாரு. மறுநாள் குறைக்கிறப்ப விரல் தடுமாறி 005-ன்னு அமுக்கிட்டாரு. சிவப்பு விளக்கு எரிஞ்சு, "5 டிகிரி வைக்க முடியாது"ன்னு திரையில வந்துச்சு. அப்பா அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. என்னப்பான்னு கேட்டதுக்கு, "நாந்தான் முதலாளி மாதிரி அமுக்குறேன், அது என் மூஞ்சிக்கு நேரா முடியாதுங்குது தாயி. அன்னைக்கு எனக்கு இந்தத் தைரியம் வரலையே"ன்னாரு. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 045-ன்னு அடிச்சாரு.